அமைதிக் கேடயம்

மாடி வராந்தாவில் நடந்துகொண்டே டீச்சர் அதட்டிவிட்டாள். யோசித்துச் செய்ததல்ல, பழக்க தோஷம். கடைசி அறையிலிருந்து சத்தம் வந்தது. டீச்சர் இல்லாத வகுப்பு போடுகிற சத்தம்தான்; பெஞ்சு தரையில் இழுபடுவதும், யாரோ கிள்ளியதற்கு இன்னொருத்தி சிணுங்குவதும், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும் எல்லாம் சேர்ந்த இரைச்சல். கையிலிருந்த மர ஸ்கேலால் கதவில் தட்டி, "என்ன, சந்தைக்கடையா இது? வாய் மேல விரல் வை! நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது!" என்று சொல்லிவிட்டு, நடையை நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தாள். சத்தம் அந்தக் கணமே நின்றது.

படிக்கட்டுக்கு வந்து கைப்பிடியில் கை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த அறையில் வகுப்பு கிடையாது. மாடியிலேயே எந்த வகுப்பும் கிடையாது. தரை பலவீனமாக இருக்கிறது என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்ததிலிருந்து மேலே கிடப்பதெல்லாம் கால் ஒடிந்த பெஞ்சுகளும் பழைய கரும்பலகைகளும்தான். தவிர, பள்ளிக்கூடம் விட்டு வெகுநேரம் ஆகிவிட்டது. வாட்ச்மேனையும் அவளையும் கீழே காத்திருக்கும் அவள் மகளையும் தவிர அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை.

புறா, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எலியாகவும் இருக்கலாம். ஆனால் அதட்டினால் புறா படபடவென்று பறக்கும், எலி ஓடும். சொன்ன பேச்சைக் கேட்டு அடங்காது. அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்காமல் விறுவிறுவென்று இறங்கிவிட்டாள்.

அவளை மாடிக்கு அனுப்பியது பெரிய டீச்சர். பள்ளிக்கு நூறு வயசு ஆகப்போகிறது, ஆண்டு விழாவில் கட்டடத்தின் வரலாற்றைப் படங்களோடு சுவரில் மாட்ட வேண்டும் என்று பெரிய டீச்சருக்கு ஆசை. ஆசை அவருக்கு, அலைச்சல் மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு. இந்தக் கட்டடம் முதலில் பள்ளிக்கூடமாகவே பிறக்கவில்லை. பஞ்சு மூட்டை அடுக்கும் கிடங்காக இருந்தது. மூட்டை தூக்கிய இரும்புக் கொக்கிகள் இன்னும் உத்தரத்தில் தொங்குகின்றன. பிறகு ஏதோ ஒரு சண்டைக் காலத்தில் காயம்பட்ட சிப்பாய்களைப் போட்டு வைத்த ஆஸ்பத்திரி ஆனது. வராந்தாவில் ஆள் உயரத்துக்குப் பதித்திருக்கும் வெள்ளை ஓடுகள் அந்தக் காலத்தவை. அதற்கப்புறம்தான் பிள்ளைகள் வந்தார்கள். "மூட்டை, நோயாளி, பசங்க. மூணையும் வரிசையா அடுக்கி வைக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம்" என்று டிராயிங் மாஸ்டர் ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிப்பார்.

வரிசை விஷயத்தில் அந்தப் பள்ளி உண்மையிலேயே கறார். மணி அடித்ததும் ஓட முடியாது. ஜோடி ஜோடியாகக் கைகோத்து நின்று, வரிசையாகத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். ஜோடிக்காரி லீவு போட்ட நாளில் ஒரு பிள்ளை தனியாக நின்று டீச்சர் முகத்தையே பார்க்கும். "யார் இருக்காங்களோ அவங்க கையப் பிடிச்சுக்கிட்டுப் போ" என்பாள் டீச்சர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இன்னொன்று, அமைதிக் கேடயம். வருஷம் முழுக்கச் சத்தம் போடாத வகுப்புக்கு ஆண்டு விழாவில் வெள்ளி முலாம் பூசிய கேடயம் ஒன்றைத் தருவார்கள். அது எப்போது, எதற்காக ஆரம்பித்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அது கிடைக்கவில்லை என்றால் டீச்சர்களுக்கு முகம் தொங்கிப்போகும்.

இவள் வகுப்புக்கு அது தொடர்ந்து கிடைத்து வந்தது. கை ஓங்க மாட்டாள், ஒரு வார்த்தைதான், ஊசி விழுந்தால் கேட்கும். அந்தப் பெருமையில் இந்த வருஷம் மண் விழுந்தது. விழவைத்தது வேறு யாருமில்லை, அவள் பெற்றதுதான். மகள் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அம்மாவின் வகுப்பிலேயே உட்கார்ந்தாள். வீட்டில் எல்லோரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். தூங்கும்போதுகூட உளறுவாள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் ஓயாது. "ஒரு நாளாவது வாய மூடிட்டு இரேன்டி" என்று டீச்சர் கெஞ்சாத நாள் இல்லை.

மறுநாள் சாயங்காலம் வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக்கொண்டு மேலே போனாள். போக மனசில்லை. ஆனாலும் கடைசி அறையைப் படம் எடுக்காமல் மாடியின் கதை முடியாது. சாவியைத் திருகியதும் கதவு சிரமமில்லாமல் திறந்துகொண்டது, தினமும் திறக்கிற கதவைப் போல. உள்ளே மழைக்கால ஈரத்தின் வாடையும், அதற்குள் மறைந்துகொண்டு வேறொரு வாடையும் இருந்தது. இஸ்திரிப்பெட்டியை மறந்து வைத்துவிட்ட துணியின் வாடை.

ஒன்றன் மேல் ஒன்றாகக் குவித்துப் போட்டிருந்த பெஞ்சுகள் இப்போது வரிசையாகக் கிடந்தன. கால் ஒடிந்தவைகூடச் செங்கல் முட்டுக்கொடுத்து நேராக நிறுத்தப்பட்டிருந்தன. எல்லாவற்றின் மேலும் விரல்கடை தூசி. ஆனால் பிள்ளைகள் உட்காரும் இடங்களில் மட்டும் தூசி இல்லை. ஒவ்வொரு பெஞ்சிலும் துடைத்த வட்டங்கள் பளபளத்தன. ஜன்னல் ஓரத்துப் பெஞ்சில் மட்டும் ஒரு இடத்தில் தூசி கலையாமல் அப்படியே இருந்தது. பச்சை பெயின்ட் உரிந்த உத்தரத்தில் அடியில் இருந்த மரம் தெரிந்தது. கரிக்கட்டையாக இருந்தது.

படம் எடுக்கக் கை வரவில்லை. அவளுக்கு ரெண்டு விதமான நிசப்தம் தெரியும். காலி அறையின் நிசப்தம் ஒன்று. அதில் தண்ணீர் சொட்டும், கம்பி முனகும், தெருவின் ஹாரன் உள்ளே வரும். மூச்சை அடக்கிக்கொண்டு முப்பது நாற்பது பிள்ளைகள் தன்னையே பார்க்கும் நிசப்தம் இன்னொன்று. அதில் எதுவுமே உள்ளே வராது. இத்தனை வருஷமாக அவள் கேடயம் வாங்கியது இந்த ரெண்டாவதுக்குத்தான். இப்போது அந்த அறையில் தெரு கேட்கவில்லை.

கதவைக்கூடப் பூட்டாமல் இறங்கி வந்தாள்.

அன்று இரவு சாப்பிடும்போது வாயாடி வழக்கம்போல எதையோ அளந்துகொண்டிருந்தவள், நடுவில் சொன்னாள்: "அம்மா, இந்த வருஷம் நமக்குக் கேடயம் கிடைக்காது. மாடி கிளாஸுக்குத்தான்."

"மாடியில ஏதுடி கிளாஸ்?"

"இருக்கே. நீ இன்னைக்கு பெரிய டீச்சர்கிட்ட பேசிட்டு இருந்தியே, அப்போ படிக்கட்டு ஏறிப் போய்ப் பார்த்தேன். வராந்தாவுல இருந்து பார்த்தா ஜன்னல்ல தெரியறாங்க. நான் எவ்வளவு பேசினேன் தெரியுமா? ஒருத்தர்கூடத் திருப்பிப் பேசல. எல்லாரும் வாய் மேல விரல் வச்சிருக்காங்க."

டீச்சர் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டாள்.

கணவனுக்கு வெளியூர் வேலை. வீட்டின் முன்பக்க அறையில் அவனுடைய அக்கா தையல் மிஷின் போட்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், அதே பள்ளியில் படித்தவள். அந்தப் பேச்சை எப்போது எடுத்தாலும் வேறு பக்கம் திருப்பிவிடுவாள். அன்றைக்கும் டீச்சர் சொல்வதை மிஷினை மிதித்தபடியேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி அறை, உத்தரம், கரி என்று வந்ததும் அவள் கால் நின்றது. மிஷினின் சக்கரம் மட்டும் தானாகக் கொஞ்சம் சுற்றி ஓய்ந்தது.

"அது எங்க கிளாஸு" என்றாள். "அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். நான் போகல."

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கீழ சாமான் ரூம்ல தீப்பிடிச்சிருக்கு. புகை வருதேன்னு பார்த்துட்டு வர எங்க டீச்சர் இறங்கிப் போனாங்க. ரொம்ப நல்ல டீச்சர், கையே ஓங்க மாட்டாங்க. ஒரு வார்த்தை சொன்னா போதும், அடங்கிடுவோம். அன்னைக்கும் சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க. வாய் மேல விரல் வை, நான் வர்ற வரைக்கும் அசையக் கூடாதுன்னு. கீழ போனவங்களை மறுபடி மேல விடல. படிக்கட்டு பூரா புகை."

"கதவு பூட்டியிருந்ததா அக்கா?"

"அதுதானே இல்லை!" என்றாள் நாத்தனார். "கதவு திறந்துதான் கிடந்துச்சு. வராந்தாவோட அந்தக் கோடியில இன்னொரு படிக்கட்டும் இருந்துச்சு. எழுந்து நடந்திருந்தா ஆளுக்கொரு பக்கமா வீடு போய்ச் சேர்ந்திருக்கும்ங்க. நடக்கல. அப்புறம் உள்ள போய்ப் பார்த்தவங்க சொன்னாங்க, உக்கார்ந்த இடத்துலயே உக்கார்ந்திருந்துச்சுங்களாம். விரல எடுக்காம. அடுத்த வருஷம்தான் அந்தக் கேடயத்தைக் கொண்டுவந்தாங்க."

முந்தின நாள் மாடியில் தான் அதட்டியதை டீச்சர் அப்போதுதான் சொன்னாள். சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னாள். நாத்தனார் அவளை வெகுநேரம் பார்த்தாள். கோபமில்லை, அதைவிட மோசமாக ஏதோ இருந்தது அந்தப் பார்வையில்.

"சத்தம் போட்டுச்சுங்களா? சிரிச்சுதுங்களா?" என்றாள். "அப்படின்னா இத்தனை வருஷம் கழிச்சு எழுந்திருச்சிருக்குங்க. நீ போய் மறுபடியும் உக்கார வச்சிட்டு வந்திருக்கியே..."

மிஷின் மேல் கிடந்த துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "என் ஜோடிக்காரிய நினைச்சாதான் எனக்குத் தாங்காது. நான் வரலைன்னா பாவம், வரிசையில தனியா நிப்பா."

டீச்சர் அன்றிரவு தூங்கவில்லை. பயம் ஒரு பக்கம். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று நெஞ்சை அடைத்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போன டீச்சர் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள். ரெண்டாவது ஆளாகத் தான் இருக்க முடியாது. நாளைக்கே போய், எழுந்திருங்கள், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த வார்த்தைக்காகத்தானே காத்துக்கொண்டிருக்கின்றன.

மறுநாள் பள்ளி விடும் நேரத்துக்கே வானம் கறுத்துக் கிடந்தது. பிள்ளைகள் ஜோடி ஜோடியாக வாசல் தாண்டிப் போனார்கள். டிராயிங் மாஸ்டர் குடையை உதறிக்கொண்டு, "வரலாறு எழுதி முடிச்சாச்சா? இல்ல, வரலாறு உங்கள எழுதிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் சிரித்து வைத்தாள். மகளை நாத்தனாரோடு வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் திட்டம். நாத்தனார் வரவில்லை, அந்தத் தெருப்பக்கமே தன்னால் வர முடியாது என்று போனில் அழுதாள். வாட்ச்மேன் வாசலில் தன் கூண்டுக்குள் முடங்கியிருந்தான். மழை இறங்கியது. கரன்ட் போனது.

மாடிப்படியின் அடியில் ஒரு பெஞ்சு உண்டு. அதில் மகளை உட்காரவைத்தாள்.

"அம்மா, பல்லி வாலு கீழ விழுந்தா தனியாத் துடிக்குமே, அப்போ வாலுக்கு வலிக்குமா, பல்லிக்கு வலிக்குமா? வாலு தனியா எங்க போகப் பார்க்குது? அதுக்குக் கண்ணு கிடையாதே. பல்லி அதைத் தேடுமாம்மா? அம்மா, நீ எங்க போற? நானும் வரவா? மாடியிலயா? அவங்ககிட்டயா? அம்மா, அந்தப் பல்லி..."

"ஐயோ, கொஞ்ச நேரம் சும்மா இருடி! வாய் மேல விரல் வை. நான் வர்ற வரைக்கும் அசையக் கூடாது."

சொல்லிவிட்டு ஏறினாள். என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தினமும் வாயில் வந்து போகிற வார்த்தைதானே.

படிகள் ஈரத்தில் வழுக்கின. ஓடுகளின் மேல் கை வைத்து நடந்தாள். மழை கூரையில் அறைந்துகொண்டிருந்தது; கடைசி அறையை நெருங்க நெருங்க அந்தச் சத்தம் யாரோ குறைத்துக்கொண்டே வருவதுபோலக் குறைந்து, வாசலில் அறவே நின்றுவிட்டது. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே இருட்டு. கருகிய துணியின் வாடை. அவள் ஒன்றையும் உற்றுப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் வந்த வேலையைச் செய்ய முடியாது என்று தெரிந்தது. கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டாள். பெஞ்சுகளுக்கு அடியில், வரிசையாக, சின்னச் சின்னதாக ஏதோ கறுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கால்கள். தரை எட்டாத கால்கள்.

"பிள்ளைங்களா" என்றாள். குரல் நடுங்கியது. வகுப்பில் ஒரு நாளும் நடுங்காத குரல். "நான் வந்துட்டேன். லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க. விரல எடுங்க. எழுந்திருங்க. ஜோடியா நில்லுங்க. வீட்டுக்குப் போகலாம்."

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது. இன்னொன்று. எல்லாம். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். புடவைக் கொசுவத்தை உரசிக்கொண்டு சூடாக ஏதோ போனது, பின்னாலேயே இன்னொன்று. ரெண்டு ரெண்டாக. செருப்பில்லாத கால்களின் சத்தம் வராந்தா நெடுக ஓடியது. யாரோ களுக்கென்று சிரித்தாள். யாரோ தள்ளாதே என்றாள். படிக்கட்டில் தடதடவென்று இறங்கினார்கள், மணி அடித்த பிறகு பிள்ளைகள் இறங்குகிற அதே தடதடப்பு. டீச்சர் வாய்விட்டு அழுதாள். இத்தனை வருஷ வேலையில் இதைவிட நல்ல காரியம் ஒன்றும் தான் செய்ததில்லை என்று தோன்றியது. மழைச் சத்தம் அறைக்குள் திரும்பி வந்தது.

"டீச்சர்."

கடைசியாக ஒன்று நின்றது. அவள் இடுப்பு உயரம். கிட்டத்தில்.

"டீச்சர், எனக்கு ஜோடி இல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மனசெல்லாம் இளகிப்போயிருந்தது. வாய் தானாகச் சொன்னது:

"யார் இருக்காங்களோ அவங்க கையப் பிடிச்சுக்கிட்டுப் போம்மா."

"சரி, டீச்சர்."

காலடி ஓடியது. வராந்தா. படிக்கட்டு. கீழே.

கீழே யார் இருக்கிறார்கள்?

அவள் கத்திக்கொண்டு ஓடினாள். ஈரத்தில் வழுக்கி முட்டி சிராய்த்தது. எழுந்தாள். படிக்கட்டு முடியவே மாட்டேன் என்றது. பாதிப் படியில் அவளுக்குக் குரல் கேட்டது. வாயாடியின் குரல். ஓயாமல், மூச்சுவிடாமல், தெளிவாக.

"...வாலுக்குக் கண்ணு கிடையாதே, அது எங்க போகும்? உன் பேரு என்ன? உன் கை ஏன் இவ்வளவு சூடா இருக்கு? நீங்கள்லாம் எங்க போறீங்க? ரொம்ப தூரமா..."

குரல் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. மழைக்குள், தெருவில், வரிசையின் கடைசியில். அவள் வாசலுக்கு ஓட வேண்டும் என்றுதான் கடைசிப் படியில் குதித்தாள்.

குதித்தவள் நின்றாள்.

பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

அசையவில்லை. சொன்னபடியே, வலது கை விரல் உதட்டின் மேல். இடது கை மட்டும் பக்கத்தில் நீண்டிருந்தது, யார் கையையோ கோத்துப் பிடித்திருப்பதுபோல விரல்கள் மடங்கி. உள்ளங்கை முழுக்கக் கரி.

"அம்மா வந்துட்டேன்" என்றாள். "வந்துட்டேன்டி. விரல எடு. பேசு. ஏதாவது பேசேன்டி கண்ணு."

விரலைப் பிடித்து உதட்டிலிருந்து விலக்கினாள். விலகியது. உதடுகள் மூடியே இருந்தன. கண்கள் திறந்திருந்தன, நல்ல வகுப்பின் கண்கள், டீச்சரையே பார்க்கிற கண்கள். அவள் கையை விட்டதும் அந்த விரல் மெதுவாக எழுந்து, பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தது.

தூரத்தில், தெருக்கோடி திரும்பி, வாயாடி இன்னும் பேசிக்கொண்டே போனாள்.